சி மொழிப் பயிற்சிகள்: எழுதிப் பார்க்க வேண்டியவை, உடைத்துப் பார்க்க வேண்டியவை

பாடத்தைப் படிக்கும்போது எல்லாம் புரிந்தாற்போல் இருக்கும். வெற்றுத் திரையைத் திறந்து உட்கார்ந்தால் முதல் வரியே வராது. சி மொழி கற்கத் தொடங்கும் பெரும்பாலோரின் நிலை இதுதான். கை பழகினால்தான் இது தீரும். அதற்காக நூறு நிரல்களை விடை பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. இருபது, இருபத்தைந்து சிறிய நிரல்களை நீங்களே எழுதுங்கள். விடை சரியாக வந்ததும் அடுத்ததற்கு ஓடாமல், எந்த உள்ளீட்டைக் கொடுத்தால் இது தவறும் என்று தேடுங்கள். சி மொழியில் தவறான நிரலும் பல நேரம் சரியான விடையைத் தந்துவிடும். அதனால் ஒருமுறை ஓடியது என்பதை வைத்து எதையும் நம்ப முடியாது.

கீழே வரும் பயிற்சிகளை, ஒவ்வொன்றிலும் ஒளிந்திருக்கும் பிழைக்காகவே தேர்ந்தெடுத்திருக்கிறோம். நிரல் வரிகள் ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் இருக்கின்றன: இன்ட், இஃப், வைல், பிரிண்ட்எஃப், ஸ்கேன்எஃப் என்று. தட்டும்போது இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். சி மொழி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும். மெயின் என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாகத் தட்டினால் கம்பைல் ஆகிவிடும், அதாவது நிரல் இயந்திர மொழிக்கு மாறிவிடும். மாறிய துண்டுகளை இணைக்கும் லிங்க் கட்டத்தில்தான் மெயின் இல்லை என்று நிற்கும்.

கம்பைலரைத் தயார் செய்தல்

லினக்ஸில் ஜிசிசி, மேக்கில் எக்ஸ்கோடின் கட்டளைவரிக் கருவிகளோடு வரும் கிளாங், விண்டோஸில் மின்ஜிடபிள்யூ வழியாக ஜிசிசி. எதுவானாலும் சரி. 1987-இல் வந்த டர்போ சி-யில் தொடங்க வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. அதில் இன்ட் 16 பிட்தான். 32767-க்கு மேல் தாங்காது. இன்றைய கணினிகளில் பொதுவாக இன்ட் 32 பிட், உச்ச எண் 2147483647. தவிர, கோனியோ தலைப்புக் கோப்பு, கெட்சிஎச், மெயினுக்கு முன்னால் வாய்டு என்று டர்போ சி பழக்கும் பல விஷயங்களைப் பிறகு கஷ்டப்பட்டு மறக்க வேண்டியிருக்கும்.

கோப்பின் பெயர் புள்ளி, சி என்று முடிய வேண்டும். விண்டோஸ் நோட்பேடில் சேமித்தால் அதற்குப் பின்னால் டிஎக்ஸ்டி தானாக ஒட்டிக்கொள்ளும். கோப்பு வகையில் ‘எல்லாக் கோப்புகளும்’ என்று மாற்றிச் சேமியுங்கள்.

கம்பைல் செய்யும்போது இரண்டு விருப்பங்களை முதல் நாளிலிருந்தே சேர்த்துவிடுங்கள்: -டபிள்யூஆல், -டபிள்யூஎக்ஸ்ட்ரா. இரண்டிலும் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. இவை வார்னிங்குகளைத் திறந்துவிடும். வார்னிங் வந்தாலும் நிரல் ஓடும் என்பதால் பலர் அதைப் படிப்பதே இல்லை. ஆனால் புதியவர் செய்யும் பிழைகளில் பெரும்பங்கைக் கம்பைலர் அங்கேயே சொல்லிவிடுகிறது. ஒரு வார்னிங் கூட இல்லாத வரை பயிற்சி முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸிலும் மேக்கிலும் இன்னொரு வசதி உண்டு: -எஃப்சானிடைஸ்=அட்ரஸ்,அன்டிஃபைன்ட். இதோடு -ஜி சேர்த்துக் கம்பைல் செய்தால், அரேயின், அதாவது ஒரே வகை மதிப்புகளை வரிசையாக வைக்கும் இடத்தின், எல்லையைத் தாண்டினாலோ எண் நிரம்பி வழிந்தாலோ நிரல் ஓடும்போதே எந்த வரியில் நடந்தது என்று காட்டும். அரே பகுதிக்கு வரும்போது இது இல்லாமல் உட்கார வேண்டாம்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரே முறை

முதலில் காகிதத்தில் மூன்று உள்ளீடுகளையும் அவற்றுக்கு வர வேண்டிய விடைகளையும் எழுதுங்கள். ஒன்று சாதாரணமானது, ஒன்று விளிம்பில் இருப்பது, அதாவது 0, 1, எதிர்ம எண், இரண்டு எண்கள் சமமாக இருப்பது போன்றவை, மூன்றாவது தவறான உள்ளீடு. பிறகு செய்ய வேண்டியதை வரிவரியாகத் தமிழில் எழுதுங்கள். அதன் பிறகே விசைப்பலகை.

ஐந்தாறு வரி சேர்ந்ததும் ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். ஐம்பது வரி எழுதிவிட்டுக் கம்பைல் செய்தால் எரர் மழையில் எது மூலம் என்று தெரியாது. எரர் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் முதல் எரரை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஓர் அடைப்பு } விடுபட்டால் கீழே இருபது எரர் வரும்; அதைப் போட்டால் இருபதும் போய்விடும். அரைப்புள்ளி விடுபட்டால் அதற்கு அடுத்த வரியைச் சுட்டுவதும் உண்டு. சுட்டிய வரியில் பிழை தெரியவில்லையென்றால் மேல்வரியைப் பாருங்கள்.

ரன் கொடுக்கும் முன், என்ன அவுட்புட் வரும் என்று சொல்லிக்கொள்ளுங்கள். நினைத்ததும் வந்ததும் வேறாக இருக்கும் இடத்தில்தான் நீங்கள் கற்க வேண்டியது இருக்கிறது.

முதல் சுற்று: வாங்கு, கணக்கிடு, காட்டு

பயிற்சி 1. இரண்டு முழு எண்களை வாங்கிக் கூட்டுங்கள்.

இன்ட் அ, ஆ;
ஸ்கேன்எஃப்("%டி %டி", &அ, &ஆ);
பிரிண்ட்எஃப்("%டி\என்", அ + ஆ);

ஸ்கேன்எஃப்-இல் & குறியை விட்டுவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. மாறியில் மதிப்பை வைக்க அதன் முகவரி வேண்டும்; & அந்த முகவரியைத் தருகிறது. அதை விட்டால், மாறியில் தற்செயலாக இருக்கும் குப்பை எண்ணையே முகவரியாக எடுத்துக்கொண்டு அங்கே எழுதப் போகும். நிரல் பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும்.

இப்போது உடைத்துப் பாருங்கள். 2000000000-ஐ இரண்டு முறை கொடுத்தால் வழக்கமாக -294967296 வரும். இன்ட் கொள்ளளவைத் தாண்டிவிட்டது. மொழியின் தரவரையறைப்படி இது வரையறுக்கப்படாத நடத்தை. இதே எண்தான் வரும் என்று கூட உறுதியில்லை. அடுத்து எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்தைக் கொடுங்கள். ஸ்கேன்எஃப் எதையும் வாங்காது, மாறிகளில் குப்பை அப்படியே இருக்கும். எத்தனை மதிப்புகளை வாங்கியது என்பதை ஸ்கேன்எஃப் ஓர் எண்ணாகத் திருப்பித் தருகிறது. அது 2 இல்லையென்றால் ‘தவறான உள்ளீடு’ என்று சொல்லி நிறுத்தும்படி நிரலை மாற்றுங்கள். முதல் பயிற்சியிலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பின்னால் நிறைய நேரம் மிஞ்சும்.

பயிற்சி 2. ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றுங்கள். சூத்திரத்தை அப்படியே எழுதினால்:

செல்சியஸ் = 5 / 9 * (ஃபாரன்ஹீட் - 32);

எந்த வெப்பநிலையைக் கொடுத்தாலும் விடை 0. இரண்டு முழு எண்களை வகுத்தால் சி மொழி முழு எண்ணையே தரும். 5 / 9 என்பது 0. செல்சியஸை டபுள் என்ற தசம எண் வகையாக அறிவித்தாலும் உதவாது. வலப்பக்கம் முழுவதையும் கணக்கிட்ட பிறகுதான் இடப்பக்கத்தின் வகை கவனிக்கப்படும். 5.0 / 9 என்று எழுதினால் சரியாகிவிடும். 212 கொடுத்தால் 100, 98.6-க்கு 37, -40-க்கு -40 வர வேண்டும். டபுளை வாங்க %எல்எஃப், காட்ட %எஃப். வாங்கும்போது %எஃப் போட்டால் அது ஃப்ளோட் வகை என்று எண்ணி நான்கு பைட்டை மட்டும் நிரப்பும். மாறியில் அர்த்தமில்லாத எண் நிற்கும்.

பயிற்சி 3. மொத்த விநாடிகளை வாங்கி மணி, நிமிடம், விநாடியாகக் காட்டுங்கள். 3725 என்றால் 1:02:05. இங்கே முழுஎண் வகுத்தலும் % என்ற மீதிக் குறியும் உங்களுக்கு உதவுகின்றன. ஓரிலக்கத்தின் முன் சுழியம் வர %02டி.

பயிற்சி 4. மூன்று மதிப்பெண்களின் சராசரி. 70, 71, 71 கொடுத்தால் 70.67 வர வேண்டும். 70.00 வந்தால் எங்கே தவறு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் சுற்று: நிபந்தனைகள்

பயிற்சி 5. ஒற்றையா இரட்டையா? எண் % 2 == 1 என்று சோதித்தால் 7-க்குச் சரி, -7-க்குத் தவறு. சி மொழியில் -7 % 2 என்பது -1. எண் % 2 != 0 என்று எழுதுங்கள்.

பயிற்சி 6. மூன்று எண்களில் பெரியது. எல்லா இடத்திலும் > போட்டு எழுதிய நிரலுக்கு 5, 5, 3 கொடுத்துப் பாருங்கள். பலரது நிரல் எதையும் காட்டாமல் முடியும், அல்லது 3 என்று சொல்லும். இதைவிட எளிய வழி: முதல் எண்ணையே பெரியது என்று வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அதோடு ஒப்பிட்டு மாற்றிக்கொண்டே போவது. இதே உத்தி அரேயிலும் வரும்.

பயிற்சி 7. லீப் ஆண்டு. 4-ஆல் வகுபட வேண்டும், ஆனால் 100-ஆல் வகுபடக் கூடாது. 400-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டுதான். சோதிக்க வேண்டிய ஆண்டுகள் நான்கு: 2024 ஆம், 2023 இல்லை, 1900 இல்லை, 2000 ஆம். 2024, 2023 ஆகியவற்றோடு நின்றுவிட்டால் தவறான நிரலும் தேறிவிடும்.

பயிற்சி 8. மதிப்பெண்ணுக்குத் தரம். 0 முதல் 100-க்குள் இருக்கிறதா என்று பார்க்க, கணிதத்தில் எழுதுவதைப்போல 0 <= மதிப்பெண் <= 100 என்று எழுதத் தோன்றும். கம்பைலும் ஆகும். ஆனால் இந்த நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும். முதல் ஒப்பீட்டின் விடை 0 அல்லது 1. அது 100-ஐவிடச் சிறியதுதானே. மதிப்பெண் >= 0 && மதிப்பெண் <= 100 என்று இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

இந்தச் சுற்றில் இன்னும் இரண்டு பிழைகளை வேண்டுமென்றே செய்து பாருங்கள். இஃப் (அ = 5) என்று ஒற்றை = போட்டால் ஒப்பிடாது; 5-ஐ மாறியில் வைத்துவிட்டு, 5 சுழியமில்லை என்பதால் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். இஃப் (அ > 5); என்று முடிவில் அரைப்புள்ளி வைத்தால் நிபந்தனை அங்கேயே முடிந்துபோய், கீழே உள்ள வரி எப்போதும் ஓடும். இரண்டுக்கும் வார்னிங் வருகிறதா என்று கவனியுங்கள்.

பயிற்சி 9. சுவிட்ச் கொண்டு சிறு கால்குலேட்டர். முதலில் இரண்டு எண்கள், பிறகு +, -, *, / இவற்றில் ஒரு குறி. குறியை %சி கொண்டு வாங்கும்போது நிரல் உங்களுக்காகக் காத்திருக்காமல் தாவிச் செல்லும். காரணம் இதுதான்: எண்ணைத் தட்டி என்டர் அழுத்தினீர்கள், %டி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது, என்டர் எழுத்து உள்ளீட்டு வரிசையில் அப்படியே நிற்கிறது. அடுத்து வந்த %சி அதையே ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. " %சி" என்று முன்னால் ஓர் இடைவெளி விட்டால், வெற்றிடங்களையும் என்டரையும் தாண்டி அடுத்த எழுத்தை எடுக்கும். இந்த ஓர் இடைவெளிக்காக நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நிறைய பேர்.

ஒவ்வொரு கேஸுக்கும் பிரேக் போட மறந்தால் கீழுள்ள கேஸ்களும் சேர்ந்து ஓடும். இரண்டாவது எண் 0 என்றால் வகுக்கும் முன்பே தடுத்துவிடுங்கள்.

மூன்றாம் சுற்று: லூப்

வாய்ப்பாடு, 1 முதல் என் வரையிலான கூட்டல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். கூட்டலை என் × (என் + 1) / 2 சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள், 100-க்கு 5050. கூட்டல் மாறிக்கு 0 என்று தொடக்க மதிப்பு கொடுக்காவிட்டால் சில நேரம் சரியாக வரும், சில நேரம் விசித்திர எண் வரும். நட்சத்திர முக்கோணங்களில் இரண்டு மூன்று போட்டால் போதும். வெளி லூப் வரிசைக்கு, உள் லூப் ஒரு வரிசையில் வரும் குறிகளுக்கு என்பது பிடிபட்டதும் நகருங்கள். அதிலேயே வாரக்கணக்கில் இருக்கத் தேவையில்லை.

பயிற்சி 10. ஃபேக்டோரியல். 12-க்கு 479001600 வரும். 13-க்கு 6227020800 வர வேண்டும். 32 பிட் இன்ட்டில் வழக்கமாக 1932053504 வரும். எதிர்ம எண்ணாக வந்திருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும். இது பார்க்க நியாயமான எண்ணாக இருப்பதால்தான் ஆபத்து. லாங் லாங் வகைக்கு மாற்றி %எல்எல்டி போட்டால் 20 வரை தாங்கும், 21-இல் அதுவும் வழியும்.

பயிற்சி 11. எண்ணைத் தலைகீழாக்குதல். தொடக்கப் பயிற்சிகளில் ஒன்றே ஒன்றைத்தான் ஆழமாகச் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வைல் (எண் > 0) {
தலைகீழ் = தலைகீழ் * 10 + எண் % 10;
எண் = எண் / 10;
}

நிரலை ஓடவிடாமல், 1203-ஐ வைத்துக் காகிதத்தில் நடத்திப் பாருங்கள். தொடக்கத்தில் எண் 1203, தலைகீழ் 0. முதல் சுற்றில் மீதி 3, தலைகீழ் 3, எண் 120. இரண்டாவதில் மீதி 0, தலைகீழ் 30, எண் 12. மூன்றாவதில் மீதி 2, தலைகீழ் 302, எண் 1. நான்காவதில் மீதி 1, தலைகீழ் 3021, எண் 0, லூப் நிற்கிறது. இரண்டு வரிகளையும் இடம் மாற்றி எழுதி, அதே 1203-ஐ மறுபடி காகிதத்தில் நடத்துங்கள். எங்கே தடம் புரள்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து விளிம்புகள். 120 கொடுத்தால் 21 வரும், முன்சுழியம் எண்ணில் தங்காது. எதிர்ம எண் கொடுத்தால் லூப் ஒருமுறை கூட ஓடாது. 1000000003 கொடுத்தால் தலைகீழ் எண் இன்ட்டில் அடங்காது. இதே லூப்பை இலக்கங்களை எண்ணப் பயன்படுத்தினால் 0-க்கு ‘0 இலக்கம்’ என்று சொல்லும். அங்கே டூ-வைல் வேண்டும். பாலிண்ட்ரோமா, அதாவது திருப்பிப் படித்தாலும் அதே எண்ணா, என்று பார்க்கும்போது இன்னொரு பொறி: லூப் முடிந்ததும் எண் 0 ஆகிவிட்டது, எதோடு ஒப்பிடுவது? தொடங்கும் முன்பே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

பயிற்சி 12. ஆம்ஸ்ட்ராங் எண்: ஒவ்வோர் இலக்கத்தையும் இலக்கங்களின் எண்ணிக்கை அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் அதே எண் வருவது. மூன்று இலக்கத்தில் 153, 370, 371, 407 நான்கும்தான் வர வேண்டும். அடுக்கு கணக்கிட பவ் ஃபங்ஷனை எடுக்காதீர்கள். அது டபுளில் கணக்கிடும். சில கம்பைலர்களில் 125-க்குச் சற்றுக் குறைவாக வந்து, இன்ட்டாக மாறும்போது 124 ஆகிவிடும். இலக்கம் * இலக்கம் * இலக்கம் என்று பெருக்கிவிடுங்கள்.

பயிற்சி 13. பகா எண். 2 முதல், வகுக்கும் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைத் தாண்டாத வரை வகுத்துப் பார்த்தால் போதும். வகு * வகு < எண் என்று <= குறியை விட்டுவிட்டால் 9, 25, 49 எல்லாம் பகா எண்ணாகிவிடும். 1 பகா எண் அல்ல. 2 பகா எண்தான். 91 பார்க்கப் பகா எண்போல் இருந்தாலும் 7 × 13. இன்னும் நுணுக்கமான ஒன்று: 2147483647 கொடுத்தால் வகு * வகு 46341-இல் இன்ட்டைத் தாண்டிவிடும். வகு <= எண் / வகு என்று திருப்பி எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை.

பயிற்சி 14. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி, யூக்ளிட் முறையில். 48, 18 என்றால் மீதி 12; 18, 12 என்றால் 6; 12, 6 என்றால் 0; விடை 6. சிறிய எண்ணை முதலில் கொடுத்தாலும் சரியாக வருகிறது. ஏன் என்று ஒரு சுற்று நடத்திப் பாருங்கள்.

லூப்பில் ஸ்கேன்எஃப் வைக்கும்போது ஓர் எச்சரிக்கை. எண் கேட்கும் இடத்தில் எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்து வரிசையிலிருந்து நகராது. ஒவ்வொரு சுற்றிலும் ஸ்கேன்எஃப் அதையே பார்த்துத் தோற்கும். திரை முடிவில்லாமல் ஓடும். கன்ட்ரோல், சி அழுத்தி நிறுத்துங்கள். சரி செய்ய, ஸ்கேன்எஃப் தோற்றதும் அந்த வரியைக் காலி செய்ய வேண்டும்:

வைல் ((எ = கெட்சார்()) != '\என்' && எ != ஈஓஎஃப்)
;

இங்கே அரைப்புள்ளி தெரிந்தே வைத்தது. எ என்பதை இன்ட் என்று அறிவியுங்கள், சார் என்று அல்ல. ஈஓஎஃப் ஒரு சாரில் அடங்கும் என்ற உறுதியில்லை. ஈஓஎஃப் மூன்று எழுத்தும் பெரிய எழுத்து.

நான்காம் சுற்று: ஃபங்ஷன்

புதிதாக எதுவும் தேட வேண்டாம். பகா எண் நிரலை, எண்ணை வாங்கி 1 அல்லது 0 திருப்பித் தரும் ஃபங்ஷனாக மாற்றுங்கள். அதற்குள் பிரிண்ட்எஃப் இருக்கக் கூடாது. கணக்கிடுவது அதன் வேலை, காட்டுவது மெயினின் வேலை. பிறகு அதை லூப்பில் அழைத்து 100-க்குள் எத்தனை பகா எண்கள் என்று எண்ணுங்கள்: 25 வர வேண்டும். 1000-க்குள் 168. இந்த இரண்டு எண்களும் சரியாக வந்தால் ஃபங்ஷனை நம்பலாம்.

முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததைப் பெறும் ஃபிபனாச்சி வரிசையை லூப்பிலும், ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் ரிகர்ஷனிலும் எழுதி ஒப்பிடுங்கள். முதல் இரண்டு எண்கள் 0, 1, எண்ணிக்கை 0-இலிருந்து. 40-ஆவது எண்ணை லூப் கண் இமைக்கும் நேரத்தில் தரும். ரிகர்ஷனில் அதே எண்ணுக்கு ஃபங்ஷன் 331160281 முறை அழைக்கப்படுகிறது. ஏற்கெனவே கண்டுபிடித்ததையே மறுபடி மறுபடி கணக்கிடுவதால் இவ்வளவு. அழைப்புகளை எண்ண ஒரு மாறி வைத்து 10, 20, 30 என்று கொடுத்துப் பார்த்தால் எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று தெரியும். 47-ஆவது எண் இன்ட்டில் அடங்காது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

ஐந்தாம் சுற்று: அரே

ஐந்து இடமுள்ள அரேயில் இடங்களின் எண்கள் 0 முதல் 4 வரை. ஃபார் லூப்பில் ஐ <= 5 என்று எழுதினால் இல்லாத ஆறாவது இடத்தைத் தொடுகிறீர்கள். கம்பைலர் தடுக்காமல் போகலாம். நிரல் விழாமலும் ஓடலாம். பக்கத்து மாறியின் மதிப்பு மட்டும் சத்தமில்லாமல் மாறியிருக்கும். பிழை வேறெங்கோ தலைகாட்டும். மேலே சொன்ன சானிடைஸ் விருப்பம் இங்கே உயிர்காக்கும். இந்தப் பிழையை ஒருமுறை தெரிந்தே செய்து, அது தரும் அறிக்கையில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி 15. பெரிய எண்ணைக் கண்டுபிடித்தல். பெரியது = 0 என்று தொடங்கினால், எல்லாம் எதிர்ம எண்களான -8, -3, -11 அரேயில் விடை 0 வரும். அரேயின் முதல் உறுப்பை வைத்துத் தொடங்குங்கள். பிறகு இரண்டாவது பெரிய எண். 9, 9, 4 கொடுத்தால் உங்கள் நிரல் 9 என்று சொல்ல வேண்டுமா 4 என்று சொல்ல வேண்டுமா என்பதை எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள்.

பயிற்சி 16. பபிள் சார்ட். 5, 1, 4, 2, 8 என்ற வரிசையை எடுத்துக்கொண்டால் முதல் சுற்று முடிவில் 1, 4, 2, 5, 8. இரண்டாவதின் முடிவில் 1, 2, 4, 5, 8. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அரேயை அச்சிட்டு இதோடு ஒப்பிடுங்கள். உள் லூப் அருகருகே உள்ள இரண்டை ஒப்பிடுவதால் அது கடைசிக்கு முந்தைய இடத்தோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் எல்லை தாண்டல். ஒரு சுற்றில் எந்த இடமாற்றமும் நடக்கவில்லையென்றால் நிறுத்திவிடும்படி செய்யுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், சுற்றுக்கு ஓர் ஒப்பீடு குறைத்துக்கொண்டே போனாலும் 10 எண்களுக்கு 45 ஒப்பீடு, 1000 எண்களுக்கு 499500.

பயிற்சி 17. பைனரி தேடல்: நடு உறுப்போடு ஒப்பிட்டு, ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கித் தேடுவது. வரிசைப்படுத்திய அரேயில் மட்டுமே வேலை செய்யும். 1000 உறுப்புகளில் நடு உறுப்பை அதிகபட்சம் 10 முறை பார்த்தாலே இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நடுவோடு 1 சேர்க்காமல் கீழ் = நடு என்று எழுதினால் சில தேடல்களில் லூப் முடியவே முடியாது. முதல் உறுப்பு, கடைசி உறுப்பு, எல்லாவற்றையும்விடச் சிறியது, எல்லாவற்றையும்விடப் பெரியது, ஒரே உறுப்புள்ள அரே. ஐந்தையும் சோதியுங்கள்.

ஆறாம் சுற்று: ஸ்ட்ரிங், பாயின்டர்

ஸ்ட்ரிங் என்பது சார் அரேதான். முடிவில் '\0' என்ற எழுத்து முற்றுப்புள்ளியாக நிற்கும். ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஆறு இடம் வேண்டும். ஒரு வரியை வாங்க கெட்ஸ் ஃபங்ஷனைப் பழைய பாடங்களில் பார்ப்பீர்கள். எவ்வளவு இடம் இருக்கிறது என்றே பார்க்காமல் எழுதும் அதை 2011-இல் வந்த சி11 தரவரையறை மொழியிலிருந்தே நீக்கிவிட்டது. எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள். அது என்டர் எழுத்தையும் சேர்த்து வாங்கும். அதை நீக்காமல் பாலிண்ட்ரோம் சோதித்தால் எந்தச் சொல்லும் தேறாது.

பயிற்சி 18. ஸ்ட்ரிங்கின் நீளத்தை ஸ்டர்லென் இல்லாமல் கண்டுபிடியுங்கள். பிறகு சொல்லைத் தலைகீழாக்குங்கள். பிறகு இரண்டு சொற்களை ஒப்பிடுங்கள்: இங்கே == போட்டால் முகவரிகளைத்தான் ஒப்பிடும். ஸ்டர்சிஎம்பி வேண்டும்; சமம் என்றால் அது 0 தரும் என்பதை மறந்து நிபந்தனையைத் தலைகீழாக எழுதுபவர்கள் அதிகம்.

தமிழ்ச் சொல்லையும் கொடுத்துப் பாருங்கள். யுடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு நீளம் 15 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். சார் என்பது ஒரு பைட்தான், ஓர் எழுத்து என்று பொருளில்லை. இதே சொல்லைப் பைட் பைட்டாகத் தலைகீழாக்கினால் திரையில் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தான் வரும்.

பயிற்சி 19. இரண்டு மாறிகளை இடம் மாற்றும் ஃபங்ஷன். முதலில் சாதாரண இன்ட்களாக வாங்கி எழுதுங்கள். ஃபங்ஷனுக்குள் அச்சிட்டால் மாறியிருக்கும், மெயினுக்குத் திரும்பினால் மாறியிருக்காது. ஃபங்ஷனுக்குப் போனது நகல்தான். இப்போது முகவரிகளை அனுப்புங்கள்: அழைக்கும் இடத்தில் &அ, &ஆ; வாங்கும் இடத்தில் இன்ட் *ப, இன்ட் *ஃ; உள்ளே *ப, *ஃ. ஸ்கேன்எஃப்-க்கு ஏன் & தேவைப்பட்டது என்பது இந்த இடத்தில் முழுதாக விளங்கும்.

பயிற்சி 20. அரேயின் நீளத்தைச் சைஸ்ஆஃப் மூலம் மெயினில் கணக்கிடுங்கள். அதே கணக்கை, அரேயை வாங்கும் ஒரு ஃபங்ஷனுக்குள் செய்யுங்கள். 64 பிட் கணினியில் எத்தனை உறுப்பு இருந்தாலும் ஃபங்ஷனுக்குள் 2 என்றே வரும்: அங்கே வந்து சேர்ந்தது முகவரியைத் தாங்கும் எட்டு பைட் பாயின்டர், அதை நான்கு பைட் இன்ட்டால் வகுத்திருக்கிறீர்கள். அரேயை அனுப்பும்போது அதன் நீளத்தையும் தனியாக அனுப்புவது இதனால்தான்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒன்று

பெயர், மூன்று மதிப்பெண் இவற்றை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஸ்ட்ரக்ட் ஒன்றை வரையறுங்கள். எத்தனை மாணவர்கள் என்று கேட்டு, மாலாக் மூலம் நினைவகத்தில் அவ்வளவு இடம் எடுங்கள். விவரங்களை வாங்கி, மொத்த மதிப்பெண்படி வரிசைப்படுத்தி, ஒரு கோப்பில் எழுதுங்கள். இன்னொரு நிரல் அந்தக் கோப்பைப் படித்துக் காட்டட்டும். முந்தைய சுற்றுகளில் எழுதிய சார்ட், உள்ளீட்டுச் சோதனை இரண்டையும் அப்படியே இதில் பயன்படுத்தலாம். நாலைந்து அமர்வுகள் எடுத்துக்கொள்ளலாம், அவசரம் வேண்டாம்.

சிக்கல் வரும் இடங்கள் இவை. மாலாக், எஃப்ஓப்பன் இரண்டும் தோற்றால் நல் என்ற வெற்று முகவரியைத் தரும். அதைப் பார்க்காமல் பயன்படுத்தினால் நிரல் விழும். இல்லாத கோப்பின் பெயரை வேண்டுமென்றே கொடுத்துச் சோதியுங்கள். எண்ணை வாங்கியபின் எஃப்கெட்ஸ் கொண்டு பெயரை வாங்கினால், பயிற்சி 9-இல் பார்த்த அதே என்டர் வந்து வெற்றுப் பெயராக உட்காரும். கோப்பைப் படிக்கும் லூப்பை எஃப்ஈஓஎஃப் கொண்டு கட்டுப்படுத்தினால் கடைசி மாணவர் இரண்டு முறை வருவார். படிக்க முயன்று தோற்ற பிறகுதான் அது உண்மையாகும். எஃப்ஸ்கேன்எஃப் அல்லது எஃப்கெட்ஸ் திருப்பித் தரும் மதிப்பையே லூப்பின் நிபந்தனையாக வையுங்கள். முடிக்கும்போது எஃப்குளோஸ், ஃப்ரீ இரண்டையும் அழையுங்கள். லினக்ஸில் இந்த நிரலை, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவி வழியாக ஓட்டி, ஃப்ரீ வரியை நீக்கிவிட்டு ஒருமுறையும் சேர்த்துவிட்டு ஒருமுறையும் அதன் கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள். எத்தனை பைட் திருப்பித் தரப்படாமல் போனது என்று அங்கே எண்ணாகவே எழுதியிருக்கும்.